ஆர்க்டேன் தொடரில் 1.5 இட்டால் விடை ஏன் சிதறுகிறது?

திருச்செங்கோடு மாணவன் | ஜூன் 28, இரவு 10.15

ஒரு சார்பை எக்ஸின் அடுக்குகளின் கூட்டலாக எழுதும் டெய்லர் தொடரில் உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் துல்லியமும் கூடிக்கொண்டே போகும் என்று வகுப்பில் சொன்னார்கள். டேன் மதிப்பிலிருந்து கோணத்தைத் தரும் ஆர்க்டேனுக்கு எக்ஸ் − எக்ஸ்³/3 + எக்ஸ்⁵/5 − எக்ஸ்⁷/7 என்று நிரல் எழுதினேன். 0.5 கொடுத்தால் நல்ல விடை. 1.5 கொடுத்தால் 1.5, 0.375, 1.894, −0.547, 3.724, −4.139 என்று மேலும் கீழும் எகிறுகிறது. ஆர்க்டேன் எல்லா எண்களுக்கும் உண்டு. அதன் வளைவில் முறிவும் இல்லை, முனையும் இல்லை. நிரலில் எங்கே தவறு?

பட்டறைக் கணக்கு | ஜூன் 28, இரவு 11.02

நிரல் சரி தம்பி. வகுப்பில் கேட்ட வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. "இந்த எல்லைக்குள்" என்ற சொல்லையும் "இவ்வளவு பிழையோடு" என்ற சொல்லையும் சேர்த்தால்தான் அது முழு வாக்கியம்.

உங்கள் தொடர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஆர்க்டேனின் வகைக்கெழு 1/(1+எக்ஸ்²). அதைப் பெருக்குத் தொடராக விரித்தால் 1 − எக்ஸ்² + எக்ஸ்⁴ − எக்ஸ்⁶. உறுப்புக்கு உறுப்பு தொகையிட்டால் உங்கள் தொடர். பெருக்குத் தொடரின் பொது விகிதம் −எக்ஸ்². அதன் அளவு 1-க்குக் குறைவாக இருந்தால்தான் கூட்டுத்தொகைக்குப் பொருள் உண்டு. 1.5-இன் வர்க்கம் 2.25. ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிடப் பெரிதாகும்போது கூட்டல் எங்கே போய் நிற்கும்?

பட்டறைக் கணக்கு | ஜூன் 29, காலை 6.20

இரவு எழுதியது போதவில்லை. ஆர்க்டேன் தொடரை நான் முதலில் பார்த்தது புத்தகத்தில் அல்ல, லேத்தில். அதைச் சொன்னால் "எல்லை" என்ற சொல் ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று புரியும்.

கோவை கணபதியில் ஒரு பட்டறையில் வேலை கற்றேன். பம்பு செட்டு உதிரி பாகங்கள்தான் அதிகம். டேப்பர், அதாவது ஒரு முனை நோக்கிச் சீராக ஒடுங்கும் வடிவம், எடுக்க வேண்டியிருந்தால், பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்தைக் கழித்து, டேப்பரின் நீளத்தால் வகுத்து, 28.65-ஆல் பெருக்கு என்பார் எங்கள் மேஸ்திரி. வரும் எண்தான் வெட்டுளியைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்ப வேண்டிய டிகிரி. 28.65 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஒரு ரேடியன் ஏறக்குறைய 57.3 டிகிரி, அதில் பாதி 28.65. விட்ட வித்தியாசத்தில் பாதியை நீளத்தால் வகுத்தால் கோணத்தின் டேன் கிடைக்கும். ஆக, அந்த விதி ஆர்க்டேன் எக்ஸுக்குப் பதில் வெறும் எக்ஸையே வைத்துக்கொள்கிறது. தொடரின் முதல் உறுப்பு. டெய்லரின் பெயரை அறியாதவர்கள் முதல் படிப் பல்லுறுப்புக்கோவையை வைத்துக்கொண்டு வேலையை நகர்த்தினார்கள்.

கூடவே மேஸ்திரி இன்னொன்றும் சொல்வார்: "பத்து டிகிரிக்கு மேல் போனால் இதைத் தொடாதே, டேபிளைப் பார்." உண்மையான கோணம் 5 டிகிரி என்றால் விதி 5.01 தரும். 10 டிகிரிக்கு 10.10. ஸ்லைடில் செதுக்கிய கோடுகளில் அந்தப் பத்தில் ஒரு பங்கு கண்ணுக்கே தெரியாது. 20 டிகிரிக்கு 20.85, அது தெரியும். 30 டிகிரிக்கு 33 வந்துவிடும். 60 மில்லிமீட்டரிலிருந்து 20-க்கு 40 நீளத்தில் இறங்கும் ஒரு துண்டுக்கு விதி 28.65 டிகிரி என்கிறது, உண்மையோ 26.57. இரண்டு டிகிரி தவறினால் அந்தத் துண்டு பழைய இரும்புக் குவியலுக்குத்தான் போகும். பக்கத்துப் பட்டறையில் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

விதியைவிட "பத்து டிகிரிக்கு மேல் தொடாதே" என்பதுதான் பெரிய கணிதம். தொடரை நிறுத்திய இடத்தில் மிஞ்சும் பிழையைப் பற்றிய பேச்சு அது. புத்தகத்தில் அந்த மிச்சத்துக்கு மீதி உறுப்பு என்று பெயர். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் முதலில் கைவிடுவதும் அதைத்தான்.

உடுமலை மின்பாதை | ஜூன் 29, மாலை 7.48

லேத் சரி. எங்களுக்கு உயரழுத்தக் கம்பியின் தொய்வு. பரவளையச் சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகிறோம். கம்பி தொங்குவது பரவளையமாக அல்ல, சங்கிலிவளையமாக (இரு முனையிலும் கட்டிய சங்கிலி தொங்கும் வடிவம்) என்று ஒரு பொறியாளர் வாதம் செய்கிறார். நாங்கள் செய்வது தவறா?

பட்டறைக் கணக்கு | ஜூன் 29, இரவு 9.30

அண்ணா, அவர் சொல்லும் வடிவம் சரி, நீங்கள் போடும் கணக்கும் சரி. சங்கிலிவளையத்தை அதன் அடிப்புள்ளியில் டெய்லர் தொடராக விரித்து இரண்டாம் படியோடு நிறுத்தினால் உங்கள் பரவளையம். இரண்டு கோபுரங்களுக்கு இடையே 300 மீட்டர் என்று வையுங்கள். கிடைமட்ட இழுவிசையை ஒரு மீட்டர் கம்பியின் எடையால் வகுத்தால் 1500 மீட்டர் வருவதாகக் கொள்வோம். பரவளையத் தொய்வு 300²/(8 × 1500), அதாவது 7.5 மீட்டர். சங்கிலிவளையத் தொய்வு 7.50625 மீட்டர். வித்தியாசம் ஆறேகால் மில்லிமீட்டர். பல்லடம் காற்றாலைப் பக்கம் சித்திரை வெயிலில் அதே கம்பி சூடேறி நீண்டு இறங்குவது இதைவிடப் பல மடங்கு.

ஆறேகால் மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது என்றால் நான்காம் படி உறுப்பிலிருந்து. அதற்கும் அடுத்த உறுப்பு கண்ணில் படாத அளவு சிறியது. பள்ளத்தாக்கைத் தாண்டும் நீண்ட இடைவெளிகளில், தொய்வு பெரிதாகும் இடத்தில், அந்தப் பொறியாளரின் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும்.

திருச்செங்கோடு மாணவன் | ஜூன் 30, காலை 8.05

பெருக்குத் தொடர் காரணம் புரிந்தது. ஆனால் சைன் தொடர் எந்த எண்ணுக்கும் குவிகிறதே, அதாவது ஒரே விடையை நெருங்கிக்கொண்டே போகிறதே. ஆர்க்டேனுக்கு மட்டும் ஏன் இந்த வேலி?

பட்டறைக் கணக்கு | ஜூன் 30, இரவு 10.40

இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது கையால் தொடக்கூடியது. டெய்லர் தொடரின் ஒவ்வொரு உறுப்பிலும் வகைக்கெழு மேலே, காரணீயப் பெருக்கம் (1 × 2 × 3 × … என்ற பெருக்கல்) கீழே. சைனை எத்தனை முறை வகையிட்டாலும் சைன் அல்லது கொசைன்தான், அளவு 1-ஐத் தாண்டாது. கீழே 6, 120, 5040 என்று ஏறிக்கொண்டே போகும். எக்ஸின் அடுக்கு எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும் காரணீயப் பெருக்கம் ஒரு நாள் அதை முந்திவிடும். ஆர்க்டேனை 0-இல் ஏழு முறை வகையிட்டுப் பாருங்கள், −720 வரும். 720 என்பது 6-இன் காரணீயப் பெருக்கம். கீழே இருப்பது 7-இன் காரணீயப் பெருக்கம். அடித்துவிட்டால் 1/7 மட்டும் மிஞ்சும். சைனைக் காப்பாற்றிய காரணீயப் பெருக்கம் ஆர்க்டேனில் முழுதும் செலவாகிவிடுகிறது. எக்ஸ் 1-ஐத் தாண்டியதும் தடுத்து நிறுத்த எதுவும் மிஞ்சுவதில்லை.

இரண்டாவது, எண் கோட்டில் நின்று பார்த்தால் தெரியாது. 1/(1+எக்ஸ்²) மெய்யெண்களில் எங்கும் உடைவதில்லை. ஆனால் எக்ஸ் என்ற இடத்தில் −1-இன் வர்க்கமூலத்தை வைத்தால் கீழே பூச்சியம். அந்தக் கற்பனை எண் 0-இலிருந்து சரியாக ஓரலகு தூரத்தில், கோட்டுக்கு மேலே நிற்கிறது. கீழேயும் ஒன்று. 0-ஐ மையமாகக் கொண்ட வட்டம் அந்தப் புள்ளிகளைத் தொடும் வரைதான் வளர முடியும். குவி ஆரம் 1. உங்கள் வளைவில் முறிவு இல்லை என்று எழுதினீர்கள். முறிவு இருக்கிறது, நீங்கள் பார்க்கும் தாளில்தான் இல்லை. இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பட்டறைக் கணக்கு | ஜூன் 30, இரவு 11.15

மேலே சைனைப் பற்றி எழுதியதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். எல்லா எண்களுக்கும் குவிகிறது என்பதால் எல்லா எண்களுக்கும் அப்படியே கணக்கிடலாம் என்று பொருள் இல்லை. சைன் 10-க்கு (ரேடியனில்) தொடரைப் போட்டால் ஒன்பதாம் படி உறுப்பு 2755-ஐத் தாண்டும், பதினொன்றாம் படி 2505 அளவில் எதிர்க்குறியோடு வரும். இவற்றை எல்லாம் கூட்டிக் கழித்து இறுதியில் கிடைக்க வேண்டியது −0.544. பெரிய எண்களில் விட்ட தசமங்கள் சின்ன விடையைத் தின்றுவிடும். முழுச் சுற்றைக் கழித்துக் கோணத்தைச் சிறிதாக்கிய பிறகே தொடரைத் தொட வேண்டும்.

கோபி ஆசிரியை | ஜூலை 2, மாலை 5.30

மீதி உறுப்பை முதலில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் டெய்லர், மெக்லாரின் தொடர்கள் வருகின்றன. பிள்ளைகள் வகையிடுவதற்கே திணறும்போது லெக்ராஞ்சியின் மீதி உறுப்பையும் கரும்பலகையில் எழுதினால் கணிதத்தையே விட்டு ஓடிவிடுவார்கள். உங்கள் பாலிடெக்னிக் பிள்ளைகளை வைத்துச் சொல்லாதீர்கள்.

பட்டறைக் கணக்கு | ஜூலை 2, இரவு 9.10

டீச்சர், லெக்ராஞ்சியின் வாய்பாட்டை முதல் நாளே எழுதச் சொல்லவில்லை. எண்ணைக் காட்டச் சொல்கிறேன். சைன் 1-க்கு 1, 0.83333, 0.84167, 0.841468 என்று நான்கு வரி. உண்மை 0.841471. ஒவ்வொரு வரியிலும் எவ்வளவு தவறுகிறது என்று பிள்ளைகளே கழித்து எழுதட்டும். விட்டுவிட்ட முதல் உறுப்பைவிட அந்தத் தவறு எப்போதும் சிறிதாக இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். குறிகள் மாறி மாறி வந்து, உறுப்புகள் பூச்சியத்தை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போனால் அது விதியாகவே நிற்கும். அதற்கு வகைக்கெழுவே வேண்டாம்.

பட்டறைக் கணக்கு | ஜூலை 4, காலை 6.45

கோபி டீச்சர் எழுதியதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1797-இல் லெக்ராஞ்சி தந்த வடிவம் அழகானது: மீதி உறுப்பு அடுத்த உறுப்பைப் போலவே இருக்கும், வகைக்கெழுவை மட்டும் மையத்தில் எடுக்காமல், மையத்துக்கும் எக்ஸுக்கும் இடையே எங்கோ ஒரு புள்ளியில் எடுக்க வேண்டும். அந்த "எங்கோ"தான் பிள்ளைகளை மிரட்டுகிறது. எங்கே என்று சொல்லாத ஒன்றை எப்படிக் கணக்கிடுவது என்று என் மாணவர்களும் கேட்கிறார்கள். இடம் தெரிய வேண்டாம், அந்த இடைவெளியில் வகைக்கெழு அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று தெரிந்தால் போதும். இதை ஒரு வகுப்பில் சொல்லிவிடலாம். நெஞ்சில் பதிய ஒரு பருவம் ஆகும். ஆகவே வரிசையை இப்படி வைக்கிறேன்: முதலில் எண்கள், அடுத்து மாறுகுறித் தொடரின் விதி, கடைசியில் லெக்ராஞ்சி. ஆனால் பிழையே சொல்லாமல் தொடரை மட்டும் எழுதவைத்து மதிப்பெண் தருவதை மட்டும் ஏற்கமாட்டேன்.

பவானிக்கரை | ஜூலை 5, பிற்பகல் 1.20

இதெல்லாம் டெய்லர் கண்டுபிடித்ததே இல்லை. கேரளத்து மாதவர் முன்பே செய்துவிட்டார். ஐரோப்பியர்கள் திருடிக்கொண்டார்கள். இதை ஏன் எழுதவில்லை?

பட்டறைக் கணக்கு | ஜூலை 5, இரவு 10.00

மாதவரைப் பற்றி எழுதத்தான் காத்திருந்தேன். திருட்டு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுவோம்.

சங்கமகிராம மாதவர் வாழ்ந்தது 14-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. சங்கமகிராமம் இன்றைய இரிஞ்ஞாலக்குடா என்பது பலருடைய கருத்து. நமக்கு அது தூர தேசம் இல்லை. கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டித் திருச்சூருக்குக் கொஞ்சம் தெற்கே. ஆர்க்டேன், சைன், கொசைன் தொடர்களை அவருடையவை என்று அவர் மரபில் வந்தவர்கள் எழுதிவைத்தார்கள். ஜேஷ்டதேவர் 16-ஆம் நூற்றாண்டில் "யுக்திபாஷா" என்ற நூலில் நிறுவல்களையே மலையாளத்தில் எழுதினார். ஐரோப்பாவில் ஜேம்ஸ் கிரிகோரி ஆர்க்டேன் தொடரை எழுதியது 1671-இல். டெய்லரின் நூல் 1715-இல்.

டெய்லர் செய்தது வேறு: எந்தச் சார்புக்கும் வகைக்கெழுக்களிலிருந்து தொடரைக் கட்டும் பொது வழி. மாதவர் மரபு தந்தது வட்டத்திலிருந்து பிறந்த குறிப்பிட்ட தொடர்கள். ஒன்று மற்றொன்றைச் சிறியதாக்காது. கேரளத்திலிருந்து ஐரோப்பாவுக்கு இவை போய்ச் சேர்ந்ததற்கு நேரடி ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. சான்று இல்லாத குற்றச்சாட்டால் மாதவருக்குப் பெருமை கூடாது.

பட்டறைக் கணக்கு | ஜூலை 6, காலை 5.50

பெருமை எதில் என்று சொல்கிறேன்.

ஆர்க்டேன் தொடரில் 1 இட்டால் பையின் கால் பங்கு: 1 − 1/3 + 1/5 − 1/7. வேலியின் மேலேயே நிற்கும் எண் இது. குவிகிறது, ஆனால் நத்தை வேகம். பத்து உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.0418. நூறு உறுப்புகளுக்கு 3.1316. இதை வைத்துக்கொண்டு எந்த வானியலரும் பிழைக்க முடியாது.

அந்த மரபினர் நிறுத்திய இடத்தில் மிஞ்சியது எவ்வளவு என்று கேட்டார்கள். கூட்டிய உறுப்புகளின் எண்ணிக்கையை "என்" என்று எழுதினால், கடைசியில் என்/(4என்²+1) என்ற திருத்தத்தை உரிய குறியோடு சேர்க்கச் சொன்னார்கள். பத்து உறுப்புகளுக்கு அது 10/401. நான்கால் பெருக்கினால் 0.09975. முன்பு வந்த 3.04184-ஓடு கூட்டுங்கள்: 3.14159. அதே பத்து உறுப்புகள்! இன்னும் நுட்பமான திருத்தமும் தந்திருக்கிறார்கள்: (என்²+1)/(4என்³+5என்). பத்துக்கு 101/4050. அதைச் சேர்த்தால் 3.1415927.

மீதி உறுப்பைக் குப்பையாகத் தள்ளாமல், அதையே கணக்கிட்டு விடைக்குள் சேர்த்துவிட்டார்கள். மேஸ்திரியின் "தொடாதே" பிழைக்கு வேலி போட்டது. இவர்கள் பிழையையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். லெக்ராஞ்சிக்கு நூற்றாண்டுகள் முன்பே. இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், யார் முந்தி என்பதை அல்ல.

வேகத்துக்கு இன்னொரு வழியும் அவர்களிடம் இருந்தது. வேலியிலிருந்து உள்ளே தள்ளி, எக்ஸுக்கு 3-இன் வர்க்கமூலத்தின் தலைகீழியை வைத்தார்கள். 21 உறுப்புகளில் பை பதினோரு தசம இடங்களுக்கு வந்துவிடும்.

உடுமலை மின்பாதை | ஜூலை 7, இரவு 8.15

கால்குலேட்டர் உள்ளே நடப்பதும் இதே தொடர்தானே?

பட்டறைக் கணக்கு | ஜூலை 7, இரவு 9.00

பெரும்பாலும் இல்லை அண்ணா. பல கால்குலேட்டர்கள் கார்டிக் என்ற முறையைப் பின்பற்றுகின்றன. ஜாக் வோல்டர் 1959-இல் வெளியிட்டது. டேன் மதிப்பு 1, 1/2, 1/4, 1/8 என்று வரும் கோணங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, அவற்றைக் கூட்டியும் கழித்தும் வேண்டிய கோணத்தை நெருங்கும். கணினி நூலகங்களில் பல்லுறுப்புக்கோவைதான், ஆனால் குணகங்கள் டெய்லருடையவை அல்ல. டெய்லர் மையத்தில் மிகத் துல்லியம், ஓரத்துக்குப் போகப் போகத் தேய்வு. நூலகம் எழுதுபவர்கள் பிழையை இடைவெளி முழுதும் சமமாகப் பரப்பிவிடுகிறார்கள். செபிஷேவ் என்ற கணிதவியலாளர் தொடங்கிவைத்த வழி.

பட்டறைக் கணக்கு | ஜூலை 18, காலை 7.30

ஆடி நோம்பிக்குக் காங்கேயம் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். வேப்பமரத்தில் தூரி (ஊஞ்சல்) கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் எவ்வளவு உயரம் ஆடினாலும் ஒரு ஆட்டத்துக்கு ஒரே நேரம்தான் என்று மருமகன் அடித்துச் சொன்னான். சைன் எக்ஸுக்குப் பதில் எக்ஸை வைத்தால் அப்படித்தான் வரும். அடுத்த உறுப்பு உண்மையைச் சொல்லும்: கோணத்தின் (ரேடியன்) வர்க்கத்தைப் பதினாறால் வகுத்தால் வரும் பங்கு அளவுக்கு நேரம் கூடும். 30 டிகிரிக்கு 1.7 சதவீதம், கையால் அளந்தால் நழுவிவிடும். 60 டிகிரிக்கு, அதற்கடுத்த உறுப்பையும் சேர்த்து, 7.3 சதவீதம். நான்கு மீட்டர் நீள ஊசலுக்குப் பத்து ஆட்டத்தில் மூன்று விநாடி பின்தங்கும். கைப்பேசியில் அளந்து பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். ஆட்டம் தேய்ந்துகொண்டே போகும், ஆகவே யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

கோபி ஆசிரியை | ஜூலை 19, மாலை 6.10

என் மாணவி ஒருத்தியின் கேள்வி: தொடர் குவிந்துவிட்டால் அது அந்தச் சார்புக்குத்தான் குவியும் என்பதற்கு என்ன உறுதி?

பட்டறைக் கணக்கு | ஜூலை 19, இரவு 8.40

அந்த அம்மிணி பெரிய கணிதவியலாளர் ஆவாள். உறுதி இல்லை என்பதே பதில். கோஷி என்ற கணிதவியலாளர் காட்டிய சார்பு: இ-யின் அடுக்கில் −1/எக்ஸ்², எக்ஸ் 0 என்றால் மதிப்பு 0. இதை 0-இல் எத்தனை முறை வகையிட்டாலும் பூச்சியம். ஆக டெய்லர் தொடர் முழுதும் பூச்சியம். அது எல்லா இடத்திலும் அருமையாகக் குவிகிறது, ஆனால் பூச்சியத்துக்கு. சார்போ 0-ஐத் தவிர எங்கும் பூச்சியம் இல்லை. மீதி உறுப்பு பூச்சியத்தை நோக்கிப் போகிறதா என்று பார்க்காமல் தொடரையும் சார்பையும் சமக்குறியால் இணைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பலமான சாட்சி இல்லை.

திருச்செங்கோடு மாணவன் | ஜூலை 21, இரவு 9.25

எல்லாம் படித்தேன் அண்ணா. ஆனால் என் நிரலுக்கு 1.5 இன்னும் வேண்டும்.

பட்டறைக் கணக்கு | ஜூலை 21, இரவு 10.50

மையத்தை மாற்றலாம். 1-ஐ மையமாக வைத்தால் அந்தக் கற்பனைப் புள்ளிகள் 2-இன் வர்க்கமூலம், அதாவது 1.414 தூரத்தில் போய்விடும். 1.5 அரை அலகு தூரத்தில் பத்திரமாக உள்ளே. 1-இலிருந்து தூரத்தை எச் என்று எழுதினால் தொடர்: பை/4 + எச்/2 − எச்²/4 + எச்³/12 − எச்⁵/40 + எச்⁶/48 − எச்⁷/112. எச் இடத்தில் 0.5 வைத்தால் 0.98279 வரும். உண்மை மதிப்பும் 0.98279.

நிரலுக்கு இதைவிட நல்ல வழி கோணத்தைப் பாதியாக்குவது. எக்ஸை 1 + வர்க்கமூலம்(1+எக்ஸ்²) என்பதால் வகுத்தால் பாதிக் கோணத்தின் டேன் கிடைக்கும். 1.5 ஒரு முறையில் 0.5352 ஆகும், இன்னொரு முறையில் 0.2508. அதற்கு உங்கள் பழைய தொடரின் நான்கு உறுப்புகள் போதும். வரும் விடையை நான்கால் பெருக்குங்கள்: 0.98279. விட்ட ஐந்தாம் உறுப்பு 0.0000004-ஐ ஒட்டி இருக்கும், நான்கால் பெருக்கினாலும் 0.000002-ஐத் தாண்டாது. அந்த எண்ணையும் விடைக்குப் பக்கத்திலேயே நிரல் அச்சிடட்டும்.

எவ்வளவு பெரிய எக்ஸ் கொடுத்தாலும் முதல் பாதியாக்கலிலேயே 1-க்குள் வந்துவிடும், இரண்டாவதில் 0.4143-க்குள். 1000 கொடுத்து ஓட்டிப் பாருங்கள். நான்கு உறுப்புகள் அங்கே போதாது. எத்தனை வேண்டும் என்பதை, ஓட்டுவதற்கு முன்பே விட்ட உறுப்பைக் கணக்கிட்டு, இங்கே எழுதுங்கள்.